ஜாதவ்பூரில் நிறுத்திய ஆம்புலன்ஸ்

ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குத் திரும்பிய பிறகு, இங்குள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து வந்து கேட்டார்கள். ஆம்புலன்ஸ் பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் ஏதாவது பேச வேண்டுமாம். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு வார்த்தை வராது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளட்டும் என்றேன்.

சிலிண்டரை எப்படி மாட்டுவது, மானிட்டரை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே உங்களுக்கு வந்துவிடும். நான் எழுதப்போவது வேறு. ஓடுகிற வண்டிக்குள் முடிவெடுக்க வேண்டிய நேரம் ஒன்று வரும். பக்கத்தில் டாக்டர் இருப்பார், டிரைவர் இருப்பார், நோயாளியின் ஆட்கள் இருப்பார்கள். ஆனாலும் அந்த முடிவு உங்களுடையது மட்டுமாக இருக்கும். பல வருடங்கள் கழித்தும் அப்படியே இருக்கும்.

நான் கல்கத்தாவுக்குப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பாளையங்கோட்டையில் நர்சிங் முடித்திருந்தேன். ஒரு தனியார் மருத்துவமனைக்கு நர்ஸ்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பியவள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். ஏன் திரும்பவில்லை என்று கேட்டால் சொல்லும்படியான காரணம் ஒன்றுமில்லை. அப்பா போனார், பிறகு அம்மா போனார். தம்பி கல்யாணம் செய்துகொண்டு வீட்டை இடித்துக் கட்டினான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, புது வீட்டில் என் பெட்டியை எங்கே வைப்பது என்று தம்பி மனைவி சற்றுத் தயங்கினாள். அவள் நல்லவள். உடனே ஒரு இடம் காட்டினாள். ஆனால் அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு விடுமுறை கேட்பது குறைந்துபோயிற்று.

காளிகாட்டில் ஒரு சந்துக்குள், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் இருந்தேன். அறையில் இருந்த பெண்கள் கல்யாணமாகிப் போவார்கள். வேறு பெண்கள் வருவார்கள். நான் மட்டும் அதே ஜன்னலோரக் கட்டிலில் இருப்பேன். துர்கா பூஜை நாட்கள் வந்தால் வங்காளி நர்ஸ்கள் எல்லோருக்கும் வீட்டில் இருக்க வேண்டும். "திதி, ஆப்னி தோ ஏகா," என்பார்கள். 'அக்கா, நீங்கள் தனியாள்தானே' என்று அர்த்தம். அன்பாகத்தான் கேட்பார்கள், நானும் சரி என்பேன். தெருவெல்லாம் விளக்கும் மேளமுமாக இருக்கும்போது நான் ஐ.சி.யு.வில் மானிட்டர் சத்தத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

நாள் முழுக்க வங்காளமும் இந்தியும் பேசிவிட்டு வந்தால், தமிழ் அன்றைக்குத் தொடாமலே கிடக்கும். நோயாளியின் நாடியைப் பிடித்து எண்ணும்போது மட்டும் உதடு அசையாமல் தமிழில் எண்ணுவேன். மற்றபடி யாரிடமும் அதற்கு வேலை இல்லை.

இப்படித் தனியாக இருந்து பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். யாரையும் யோசனை கேட்காமல் முடிவெடுப்பார்கள். வண்டியில் அது உதவும். வண்டியை விட்டு இறங்கிய பிறகு அதனால் சங்கடம்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் மருத்துவமனை பைபாஸ் சாலைப் பக்கம் பெரிய கட்டடத்துக்கு மாறியது. ஐ.சி.யு. வசதியோடு ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. என்னை அதில் போட்டார்கள், வண்டிக்கு அழைப்பு இல்லாதபோது வார்டு வேலை. கருவிகளில் லித்தியம் பேட்டரிகள் வர ஆரம்பித்ததும் அப்போதுதான். அதற்கு முன்பு இருந்தவை செங்கல் கனம் கனக்கும். இவை கைக்கு அடக்கமாக இருந்தன, அதிக நேரம் தாங்கின. எல்லோருக்கும் சந்தோஷம். இவற்றுக்குப் பயப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பயந்தவர் ஒருவர் இருந்தார். கருவிகள் பிரிவின் இன்ஜினியர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. என் வயதுதான் இருக்கும். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். நானும் அப்படித்தான் என்பதால் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்போம், அதற்கு மேல் இல்லை.

ஒருநாள் எங்கள் வார்டில் ஒரு நர்ஸ், செல்போனுக்கான இன்னொரு பேட்டரியை ஏப்ரன் பையில் போட்டு வைத்திருந்தாள். அதே பையில் கத்தரிக்கோல். குனிந்து நிமிர்ந்து வேலை செய்துகொண்டிருந்தவள் திடீரென்று அலறி ஏப்ரனைக் கழற்றி வீசினாள். துணி பொசுங்கியிருந்தது. தொடையில் கொப்புளம். செல்போன் வெடித்துவிட்டது என்று மாடிக்கு மாடி பேச்சு பரவியது. இன்ஜினியர் வந்து பார்த்தார்.

"வெடிக்கவில்லை," என்றார். "பேட்டரியின் இரண்டு முனைகளையும் கத்தரிக்கோல் சேர்த்து வைத்துவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வரப் பார்த்திருக்கிறது."

அன்று கேன்டீனில் முதல் முறையாக அவர் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் வண்டியில் இதைவிடப் பெரிய பேட்டரிகள் இருக்கின்றனவே என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

பழைய பேட்டரி கசியும், நாறும், மெல்ல மெல்லத்தான் சாகும் என்றார். இது கடைசிவரை நன்றாக இருப்பதுபோல்தான் இருக்கும். கீழே விழுந்ததைத் திரும்ப எடுத்து உபயோகிக்காதீர்கள், வெளியே ஒரு சின்ன நசுங்கல்தான் தெரியும், உள்ளே கிழிந்திருக்கலாம். ஆக்ஸிஜன் பக்கத்தில் வைக்காதீர்கள். வெயிலில் காயும் தகட்டை ஒட்டி வைக்காதீர்கள். முனைகளை மூடி, தனித்தனியாக, ஆடாமல் வையுங்கள். கண்ணில் படாத இடத்தில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். இவ்வளவையும் சோறு ஆறும்வரை சொன்னார்.

"அப்படியும் சூடாகிவிட்டால்?"

"முதலில் ஆட்களை இறக்குங்கள். அப்புறம்தான் அது. தண்ணீர் இருந்தால் நிறைய ஊற்றுங்கள். கரண்ட் சாமான் என்று பயப்பட வேண்டாம். கொஞ்சமாக ஊற்றினால் போதாது."

"எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"சொல்ல முடியாது," என்றார். "சொல்கிறவரை நம்பாதீர்கள்."

அதன் பிறகு பல நாட்கள் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். பேசியதெல்லாம் பேட்டரியும் பம்ப்பும் மானிட்டரும்தான். அதுவே எனக்கு நன்றாக இருந்தது. பிறகு அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வார்டுக்கு வந்தாராம். நான் வண்டியோடு வெளியே போயிருந்தேன்.

எங்கள் வண்டியில் மானிட்டருக்கான இரண்டு மாற்றுப் பேட்டரிகளும் கூரைத் தகட்டுக்கு நேர் கீழே ஒரு அலமாரியில் இருந்தன. அங்கேயே சார்ஜரும் பொருத்தியிருந்தார்கள். அலமாரியின் பின்பக்கத்தில் ஆக்ஸிஜன் குழாய். இதை மாற்ற வேண்டும் என்று வண்டிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "வண்டியை இப்படித்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், சிஸ்டர்," என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே பதில்.

ஒரு தடவை பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியதில் அலமாரிக் கதவு திறந்து ஒரு பேட்டரி கீழே விழுந்தது. ஒரு மூலை நசுங்கிவிட்டது. அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி, இதை உபயோகிக்கக் கூடாது என்று சொல்லிக் கருவிகள் பிரிவில் கொடுத்தேன். அடுத்த நாள் எனக்கு விடுமுறை. அந்த இன்ஜினியரின் இடத்துக்கு வந்தவர் அதை சார்ஜரில் போட்டுப் பார்த்திருக்கிறார். பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது என்று பிளாஸ்திரியைப் பிரித்துவிட்டு வண்டிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அலமாரியில் பழையபடி இரண்டு இருந்ததைப் பார்த்து, ஒன்று வேறொரு வண்டியிலிருந்து வந்த மாற்று என்று நினைத்துக்கொண்டேன், எடுத்துப் பார்க்கவில்லை.

மே மாதம். டாலிகஞ்சில் ஒரு சின்ன நர்சிங் ஹோமிலிருந்து ஒரு பெரியவரை எங்கள் மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. கோவிந்தராஜன் என்று பெயர். துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நாகப்பட்டினத்துக்காரர். மனைவி இல்லை. மகன் சென்னையில், அன்று மாலை விமானத்தில் வருவதாக இருந்தது. கூட வந்தது கீழ் வீட்டில் குடியிருக்கும் வங்காளி அம்மாள். எல்லோரும் காகிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பெரியவருக்கு நுரையீரலில் கடுமையான சளிக் காய்ச்சல், இதயமும் பலவீனம். முகமூடி வழியாக ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. நர்சிங் ஹோமில் நடைமுறைகள் முடிகிறவரை எங்கள் வண்டி வாசலில் வெயிலில் நின்றது. கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது நான் யாரிடமோ "சூதானம், சூதானம்" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் முகமூடிக்கு மேலே கண்ணைத் திறந்து பார்த்தார்.

"தமிழாம்மா?"

"ஆமாய்யா. திருநெல்வேலி."

"அப்ப சரி," என்றார். என்ன சரி என்று தெரியவில்லை. ஆனால் கையை என் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டார்.

டிரைவர் பிமல்-தா, அதாவது பிமல் அண்ணன், பல வருடப் பழக்கம். டாக்டர் இளைஞர், ஆசன்சோல்காரர், நல்ல பையன். ஜாதவ்பூர் வழியாகப் போய் பைபாஸில் ஏறிவிட்டால் மருத்துவமனை பக்கம்தான். ஆனால் ஜாதவ்பூர் நெருங்கும்போது முன்னால் ஒரு ஊர்வலம். கொடிகளும் கோஷமுமாகச் சாலை முழுக்க ஆட்கள். சைரனுக்கு வழிவிடத்தான் பார்த்தார்கள், நகர இடமில்லை. வண்டி ஊர்ந்தது.

அப்போது எனக்கு ஒரு வாசனை வந்தது. தித்திப்பான வாசனை, நகப்பூச்சு மாதிரி. காகிமாவைப் பார்த்தேன். அந்த அம்மாள் நகப்பூச்சு போடுகிறவர் இல்லை. ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தேன், இறுக மூடியிருந்தது. எழுந்து அலமாரிக் கதவில் புறங்கையை வைத்தேன். வெயிலில் காய்ந்த தகட்டின் சூடு வேறு, இது வேறு. கதவைத் திறந்தேன். சார்ஜரில் இருந்த ஒரு பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. மூலையில் நசுங்கல். அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

சார்ஜர் சுவிட்சை அணைத்தேன். "பிமல்-தா, காடி தாமான்! வண்டியை நிறுத்துங்க!" என்றேன்.

"கி ஹொலோ, திதி?" என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பிரேக்கை மிதித்தார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். அவரும் நானும் பேசியது ஆங்கிலமும் இந்தியும் கலந்துதான். தமிழில் எழுதுகிறேன்.

"சுவிட்சைத்தான் அணைத்துவிட்டீர்களே, சிஸ்டர். ஆறிவிடும். போய்விடலாம்."

"சூடு குறையவில்லை. ஏறுகிறது."

"அப்படியானால் ஜன்னல் வழியாக வீசிவிடுங்கள்!"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கண்ணாடியை ஒட்டி ஆட்கள். ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். எங்கே வீசுவது?

"நோயாளியை இறக்குவோம்," என்றேன்.

"பைத்தியமா உங்களுக்கு? ஆக்ஸிஜன் அளவு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலில் ரோட்டிலா?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் முட்டாளாக இருந்தால் முடிவெடுப்பது சுலபம். அவர் சொல்வதும் சரியாக இருக்கும்போதுதான் கஷ்டம். வண்டி நகர்ந்தால் மருத்துவமனை பக்கம்தான். நகருமா என்று தெரியாது. பேட்டரி ஆறலாம், தீப்பிடிக்கலாம். தீப்பிடித்தால் அதன் பின்னால் ஆக்ஸிஜன் குழாய். வெளியே ஊர்வலம். பெரியவரின் முகத்தைப் பார்த்தால் நிறுத்தக் கூடாது. அலமாரியைப் பார்த்தால் நிறுத்த வேண்டும். நான் அலமாரியைப் பார்த்தேன்.

பெரிய சிலிண்டரின் வால்வை மூடினேன். பெரியவரின் குழாயை எடுத்து, கையில் தூக்கிப் போகும் சின்ன சிலிண்டரில் மாட்டினேன். "டாக்டர், நான் பொறுப்பு. தயவுசெய்து பிடியுங்கள்," என்றேன். அவர் ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார். இன்றைக்கும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சாலையோரம் ஒரு கிளப் இருந்தது. அங்கே பேட்டைக்குப் பேட்டை அப்படி ஒன்று இருக்கும், ஒரே அறை, கேரம் பலகை, சுவரெல்லாம் கோப்பைகள். உள்ளே இருந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேரம் பலகையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள். பெரியவரைப் படுக்க வைத்தோம். டாக்டரும் காகிமாவும் அவரோடு இருந்தார்கள்.

நான் வண்டிக்குத் திரும்பினேன். பிமல்-தா இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்துவிட்டு, கையை விரித்து ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தார். "ஷொரே ஜான், ஷொரே ஜான்!" தள்ளிப் போங்கள் என்று கத்தியதில் அவர் குரல் உடைந்துவிட்டது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு வைக்கும் ஸ்டீல் பெட் பேனை எடுத்தேன். நீளமான இடுக்கியால் பேட்டரியைப் பிடித்து அதில் வைத்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தெருவோரக் கைப்பம்பு வரை நடந்தேன். வழியில் யாரையும் பார்க்கவில்லை, பெட் பேனை மட்டும் பார்த்தேன். நான் முன்பே கேட்டிருந்தபடி கிளப்காரர் ஒருவர் பெரிய வாளி நிறையத் தண்ணீர் அடித்து வைத்திருந்தார். அதில் கவிழ்த்தேன். தண்ணீர் கொதித்தது. வெள்ளைப் புகை எழுந்தது. இன்னும் ஒரு வாளி, இன்னும் ஒரு வாளி. பிறகு அடங்கிவிட்டது. தீ வரவில்லை.

இன்னொரு பேட்டரியையும் எடுத்து வந்து தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் கிளப் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"முடிந்ததா? கிளம்பலாமா?"

வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். தொண்டை எரிந்தது. நல்ல நுரையீரலுக்கே இப்படி.

"காற்று மாறட்டும், டாக்டர்," என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அது அவர் முதல் தடவை கத்தியதைவிடக் கனமாக இருந்தது.

காத்திருந்தோம். நான் பெரியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது. வார்த்தை வார்த்தையாகத்தான் பேசினார்.

"ஏம்மா எறக்கிட்டீங்க?"

"வண்டியில ஒரு பேட்டரி சூடாயிருச்சுய்யா. புகை போகட்டும், கெளம்பிருவோம்."

"சணல் பேல் கட்டு சூடாவும்," என்றார். "கப்பல் அடியறையில. மூடியத் தொறக்கறதுக்கு முன்னாடி ஆளெல்லாம் வெளிய போவச் சொல்லுவேன். திட்டுவானுங்க, வேல கெட்டுப்போச்சுன்னு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"என்னத்தச் சொல்றது. திட்டட்டும்."

பிறகு, "தமிழ் பேசி ரொம்ப நாளாச்சு," என்றார். "பையன் போன்ல பேசுவான். வாரத்துக்கு ஒரு தடவ. அது பேச்சா?"

"பேச்சுதான்யா," என்றேன். எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையும் யாரும் பேசுவதில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஊர்வலம் கடந்தது. வண்டிக்குள் வாசனை போனது. மறுபடி ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். போய்ச் சேரும்போது அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அன்றே செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். அந்த வாரத்திலேயே இறந்துபோனார்.

விசாரணை வைத்தார்கள். மேஜையின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பேட்டரி இருந்தது. உப்பி, நிறம் மாறி, ஆனால் முழுதாக இருந்தது. "தீப்பிடிக்கவில்லையே, சிஸ்டர்?" என்று கேட்டார் ஒருவர். தண்ணீரில் போட்டதால் பிடிக்கவில்லை என்றேன். "போடாமல் இருந்திருந்தால் நிச்சயம் பிடித்திருக்குமா?" நிச்சயமாகத் தெரியாது என்றேன். நடந்த விபத்தென்றால் காட்டுவதற்குச் சாம்பலாவது இருக்கும். நடக்காமல் போனதற்கு என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. இளம் டாக்டர் நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்குச் சாதகமாகவும் இல்லை, எதிராகவும் இல்லை. நோயாளியைப் பார்த்த பெரிய டாக்டர், அவர் நிலைமை ஏற்கெனவே மோசம், தாமதத்தால்தான் இறந்தார் என்று சொல்ல முடியாது என்றார். தாமதத்தால் ஒன்றுமே ஆகவில்லை என்று அவரும் சொல்லவில்லை.

தண்டனை என்று எதுவும் இல்லை. என்னை ஆம்புலன்ஸிலிருந்து எடுத்து வார்டில் போட்டார்கள். உணவு நேரத்தில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. இன்ஜினியர் போன பிறகு அதற்கு முன்பும் வந்ததில்லை, ஆனால் இப்போது அது வேறு மாதிரி இருந்தது.

பல மாதங்கள் கழித்து ஆள் பற்றாக்குறையால் மறுபடி வண்டிக்கு அனுப்பினார்கள். கூரை அலமாரியில் சார்ஜர் இல்லை. நோயாளிப் பகுதிக்கு வெளியே, நிழல் பக்கத்தில், தனிக் கதவு வைத்த ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே ஒவ்வொரு பேட்டரியும் முனை மூடி, தனித்தனி உறையில் அசையாமல் இருந்தது. யார் சொல்லி மாற்றினார்கள் என்று பிமல்-தாவைக் கேட்டேன். "தெரியாது, திதி. எல்லா வண்டியிலும் மாற்றிவிட்டார்கள்," என்றார். அதைப் பற்றி என்னிடம் கடைசிவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களிடமும் பேச மாட்டார்கள். பெட்டி மாறினால் போதும் என்று இருக்கப் பழகுங்கள்.

பெரியவரின் மகனைப் பற்றி எழுத வேண்டும். அதை ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.

பெரியவர் இறந்த அன்று மாலை மகன் என்னைத் தேடிக்கொண்டு வார்டுக்கு வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சவரம் செய்யாத முகம். நடைபாதையின் முடிவில், ஜன்னல் பக்கத்தில் நின்று பேசினோம்.

"வண்டிய நிறுத்தச் சொன்னது நீங்கதானா சிஸ்டர்?"

"ஆமாங்க."

"டாக்டர் வேணாம்னாராமே?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

எதை எதிர்பார்த்து வந்தாரோ, நான் மறுக்காததால் அவருக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. நடந்ததை முழுதும் சொன்னேன். கிளப்பில் அப்பா பேசியதையும் சொன்னேன். வாரத்துக்கு ஒரு தடவைப் பேச்சைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சில விஷயங்களை நோயாளியோடு விட்டுவிட வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "நிறுத்தாம போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா எப்படி?" குரல் உயர்ந்தது. "எங்கப்பா போயிட்டாரு. நீங்க தெரியாதுங்கறீங்க."

"தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன்," என்றேன்.

வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போகத் திரும்பியபோது, "நாளைக்குக் காலைல கியோராதலா சுடுகாட்டுக்குக் கொண்டுபோறோம்," என்றார். "எனக்கு இங்க யாரையும் தெரியாது. அப்பாவோட தமிழ்ல பேசின ஆள் ஒருத்தராவது..." என்று நிறுத்திக்கொண்டார்.

போனேன். விடுதியிலிருந்து நடக்கிற தூரம்தான். மகன், காகிமா, பழைய துறைமுகத்து ஆட்கள் சிலர், நான். மின்சாரத் தகனம், சீக்கிரம் முடிந்துவிட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்தோம். மகன் காகிமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன் சிஸ்டர். நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. புகார் எதுவும் எழுதப் போறதில்ல. நன்றின்னும் சொல்ல வரல."

"போதுங்க," என்றேன்.

டாக்ஸியில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. இத்தனை வருடப் பணியில் அவ்வளவு நேர்மையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. காகிமா என் கையைப் பிடித்துக்கொண்டு முக்கு வரை நடந்துவந்தார். அங்கே பஸ் வந்ததும் கையை விட்டார்.

அன்று மதியம் எனக்கு ட்யூட்டி இருந்தது. குளித்துவிட்டுப் போனேன்.